நெய்வேலிக்கு வந்த பிரதமரும் சென்னைக்கு வந்த காய்ச்சலும்: ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியின் வரலாறு

1957ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் போன செம்மண் பூமியில், பிரதமர் ஜவாஹர்லால் நேரு நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ கலந்து வந்ததைக் கவனித்தது 1930களில். அங்கிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான முயற்சிக்குப் பிறகு வந்த நாள் அது. ஊரின் வரலாற்றைச் சொல்லும் எந்தப் புத்தகமும் இந்தத் தேதியை விடுவதில்லை.

அதே மே மாத நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. அதை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலில், நோயுற்ற பயணிகளோடு ஏறி வந்த புதிய ஃப்ளூ வைரஸ் அது. உலகம் அதற்கு 'ஆசிய ஃப்ளூ' என்று பெயர் வைத்திருந்தது. இந்தியாவுக்குள் அந்த நோய் நுழைந்த வாசல் சென்னைதான். நோயாளிகளைப் பற்றிய அரசின் கணக்கு மே 19ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. அதாவது நேரு நெய்வேலியில் நின்ற நாளுக்கு முந்தைய நாள்!

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரே வாரத்தில் பிறந்த இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. சுரங்கம் வந்தது, மின்சாரம் வந்தது, நகரியம் வந்தது, பெரிய மருத்துவமனை வந்தது. ஆனால் ஃப்ளூவுக்கு எதிராக ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஒரு சின்ன ஊசி மட்டும் ஏன் நம் ஊர்களில் பழக்கமாகவே இல்லை? அதற்கான விடை பெரிய ஆய்வகங்களில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி பக்கத்துத் தெரு டாக்டரின் அறையில் இருக்கிறது.

1918: மறந்துபோன பெருந்துயரம்

ஃப்ளூ என்றால் இரண்டு நாள் காய்ச்சல், மூக்கொழுகல், மிளகு ரசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1918ல் அப்படி இல்லை. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் நுழைந்த இன்ஃப்ளூயன்சா, செப்டம்பருக்குப் பிறகு கொடிய இரண்டாம் அலையாக எழுந்தது. அப்போதைய இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒன்றே கால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணங்களையும் விடச் சென்னை மாகாணத்தில் பாதிப்பு குறைவு என்றாலும் இங்கும் சாவு குறைவாக இல்லை.

1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்குச் சாட்சி. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில், பத்தாண்டு காலத்தில் மக்கள்தொகை கூடாமல் குறைந்த ஒரே சமயம் அதுதான்.

அப்போது தடுப்பூசி இல்லையா? உலகின் பல நாடுகளில் அவசர அவசரமாக ஊசிகள் தயாரிக்கப்பட்டன. ஆனால் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே பல மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். எதிரி யார் என்றே தெரியாமல் கம்பு சுழற்றியது போல ஆயிற்று. உண்மையான எதிரி ஒரு வைரஸ் என்பது மனிதரிடமிருந்து முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டு உறுதியானது 1933ல். லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், பார்க்கக் கீரியைப் போன்றிருக்கும் ஃபெரெட் என்ற சிறு விலங்கைக் கொண்டு இதைச் செய்தார்கள்.

கோழி முட்டையில் பிறந்த ஊசி

அடுத்த படி ஆஸ்திரேலியாவில் நடந்தது. மக்ஃபார்லேன் பர்னெட் என்ற விஞ்ஞானி, ஃப்ளூ வைரஸைக் கருவுற்ற கோழி முட்டைக்குள் வளர்க்கலாம் என்று 1930களில் காட்டினார். இன்றைக்கும் உலகில் தயாராகும் ஃப்ளூ தடுப்பூசிகளில் பெரும்பகுதி முட்டையில்தான் வளர்கிறது. வளர்ந்த வைரஸைக் கொன்று, சுத்தப்படுத்தி, ஊசி மருந்தாக்குகிறார்கள். செத்த வைரஸ் நோயை உண்டாக்காது. ஆனால் 'இந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்' என்று உடலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தாமஸ் பிரான்சிஸ், ஜோனாஸ் சால்க் ஆகியோர் இந்த ஊசியை உருவாக்கினார்கள். பின்னாளில் போலியோ தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற அதே சால்க்தான். ராணுவ வீரர்களிடம் ஊசி நன்றாக வேலை செய்தது. போர் முடியும் தறுவாயில் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது.

அப்புறம் வந்தது 1947. அந்த ஆண்டு பரவிய ஃப்ளூவிடம் அதே ஊசி தோற்றுப் போனது. ஊசி கெட்டுப் போகவில்லை. வைரஸ்தான் தன் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அம்மை ஊசியைப் போல வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை போட்டுவிட்டு மறந்துவிடும் சங்கதி இது அல்ல என்று மருத்துவ உலகத்துக்குப் புரிந்தது அந்தத் தோல்வியில்தான்.

ஏன் ஆண்டுதோறும்?

இதை விளங்கிக்கொள்ள நெய்வேலிச் சுரங்கத்தையே உதாரணமாகச் சொல்லலாம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. மேலேயுள்ள மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, அந்த நீர் அடியிலிருந்து பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். அதனால் இரவு பகலாக ராட்சத பம்புகளை வைத்து நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'போன வருஷம்தான் இறைத்தோமே' என்று யாரும் பம்பை நிறுத்துவதில்லை.

ஃப்ளூ ஊசியின் கதையும் அப்படியே. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு, ஊசியால் கிடைக்கும் எதிர்ப்பு சக்தியும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி முடிவெடுக்கிறது. பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும், செப்டம்பரில் தென்பாதிக்கும், அடுத்த பருவத்து ஊசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. பல நாடுகளின் ஆய்வகங்கள் ஆண்டு முழுவதும் நோயாளிகளின் தொண்டைச் சளியைச் சோதித்துத் தரும் தகவல்தான் இதற்கு அடிப்படை.

வைரஸ் வகைகள் சில சமயம் மறைந்தும் போகின்றன. 'பி யமகட்டா' என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. அதனால் நான்கு வகைகள் கொண்ட ஊசியிலிருந்து அதை நீக்கிவிட்டு, மூன்று வகை ஊசிக்கே திரும்பலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்தது.

குன்னூர் மலையில் ஒரு காவல் நிலையம்

இந்த உலக வலைப்பின்னலில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய இடம் உண்டு. அது நீலகிரியில் இருக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம்.

வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை கிடைக்காமல் ஒரு ஆங்கிலப் பெண்மணி 1902ல் இறந்ததை அடுத்து, தென்னிந்தியாவுக்கென்று ஒரு பாஸ்டர் நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு 1907ல் குன்னூரில் அந்த நிறுவனம் திறக்கப்பட்டது. நாய்க்கடி மருந்துக்காக எழுந்த அதே வளாகத்தில்தான் பிற்காலத்தில் இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையமும் இயங்கியது.

1957ல் ஆசிய ஃப்ளூ சென்னையில் இறங்கியபோது குன்னூர் மையம் விழித்திருந்தது. அங்கே பணியாற்றிய ஐ.ஜி.கே. மேனன், அந்தக் கொள்ளைநோயின் இந்திய வரலாற்றை 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார். அவர் தரும் கணக்குப்படி, சென்னையில் நுழைந்த நோய் 12 வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை சுமார் 44 லட்சத்து 50 ஆயிரம் பேர் நோயுற்றதாகப் பதிவானது. பதிவான இறப்புகள் 1,098.

1968ல் 'ஹாங்காங் ஃப்ளூ' வந்தபோதும் இதே குன்னூர்தான் கண்காணித்தது. பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் என். வீரராகவன் அந்தக் காய்ச்சல் இங்கே பரவிய விதத்தைப் பற்றி எழுதினார். கட்டுரையின் தலைப்பில் இருப்பது 'சென்னை மாநிலம்'. 'தமிழ்நாடு' என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1969 ஜனவரியில்தான்.

ஆக, நோயைக் கண்டுபிடிக்கவும், வைரஸை அடையாளம் காணவும், எண்ணிக்கையைக் கணக்கிடவும் நம்மிடம் ஆள் இருந்தார்கள், இடம் இருந்தது. குறையாக இருந்தது ஊசி.

சேவல்களைக் கொல்லாதீர்கள்!

1957ல் அமெரிக்காவில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மாரிஸ் ஹில்மேன், ஏப்ரல் மாதத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் மருத்துவமனை வாசல்களில் காய்ச்சல் பிள்ளைகளைச் சுமந்த தாய்மார்கள் வரிசையில் நிற்பதாக ஒரு செய்தி. இது உலகம் முழுக்கப் பரவப் போகும் புதிய ஃப்ளூ என்று அவருக்குப் பொறி தட்டியது. மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். மிக வயதான சிலரைத் தவிர யாருடைய ரத்தத்திலும் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை.

உடனே மருந்து நிறுவனங்களைத் தொடர்பு கொண்டார். கோழிப் பண்ணைக்காரர்கள் அடைகாக்கும் பருவம் முடிந்ததும் சேவல்களைக் கொன்றுவிடுவது வழக்கம். இந்த ஆண்டு சேவல்களைக் கொல்ல வேண்டாம் என்று சொல்லி வைக்கச் சொன்னார். சேவல் இல்லாவிட்டால் கருவுற்ற முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் ஊசி இல்லை! அந்த ஆண்டு இலையுதிர் காலம் முடிவதற்குள் அங்கே சுமார் 4 கோடி ஊசிகள் தயாராயின.

இந்தியாவின் நிலை வேறு. மே நடுவில் வந்த நோய் ஆகஸ்டுக்குள் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அதற்குள் ஊசி எந்த நாட்டிலுமே போதிய அளவு தயாராகியிருக்கவில்லை. அதோடு, அன்றைய இந்தியாவின் கையில் வேறு பெரிய போர்கள் இருந்தன. பெரியம்மை, காசநோய், மலேரியா, காலரா என்று வரிசை நின்றது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைத் தயாரிக்க 1948ல் சென்னை கிண்டியில் தனி ஆய்வகமே அமைக்கப்பட்டிருந்தது. லட்சக்கணக்கானோருக்கு வந்து ஆயிரம் பேரைக் கொண்டுபோன ஃப்ளூ, அந்த வரிசையில் பின்னால் தள்ளப்பட்டதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பின்னால் தள்ளப்பட்டது அங்கேயே தங்கிவிட்டது. 1978ல் நாட்டின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1985ல் அது விரிவாக்கப்பட்டது. அதன் பிறகு புதுப்புது ஊசிகள் சேர்ந்தன. ஆனால் ஃப்ளூ ஊசி அந்தத் தேசியப் பட்டியலில் இடம் பெறவில்லை.

மற்ற நாடுகள் கற்ற பாடங்கள்

ஊசி கையில் இருந்த நாடுகளுக்கும் பாதை நேராக இல்லை. 1976ல் அமெரிக்காவில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி ஃப்ளூ வகை ஒன்று தென்பட்டது. 1918 திரும்பி வருகிறது என்று அஞ்சிய அரசு, அக்டோபரில் தொடங்கிச் சில வாரங்களில் 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டது. எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவே இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒருவருக்குக் 'கில்லன் பாரே' என்ற நரம்புத் தளர்ச்சி நோய் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஊசி மீதான நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

ஜப்பான் வேறொரு வழியில் போனது. 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டு வந்தது. பயன் இல்லை என்ற எதிர்ப்பு வலுத்ததால், 1987ல் பெற்றோர் மறுக்கலாம் என்றானது. 1994ல் திட்டமே கைவிடப்பட்டது. 2001ல் வெளியான ஒரு ஆய்வு ஆச்சரியமான கணக்கைச் சொன்னது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 இறப்புகள் வரை தவிர்க்கப்பட்டனவாம். பேரப்பிள்ளைக்குப் போட்ட ஊசி பாட்டியைக் காப்பாற்றியிருக்கிறது என்பது அதன் பொருள். இந்தக் கணக்கில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு என்றாலும், வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள் என்பதை எந்தக் கூட்டுக் குடும்பமும் ஒத்துக்கொள்ளும்.

பிரிட்டனில் ஒவ்வொருவரும் தம் பகுதியிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிந்து வைத்திருப்பார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து 65 வயது நிறைந்த எல்லோருக்கும் அங்கே ஃப்ளூ ஊசி இலவசம். குளிர்காலம் வருமுன் 'வந்து போட்டுக்கொள்ளுங்கள்' என்று அழைப்பு வரும். மருந்து ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே நினைவுபடுத்த ஒருவர் இருக்கிறார்.

2009க்குப் பிறகு

2009ல் புதிய எச்1என்1 வைரஸ் வந்தது. மக்கள் அதைப் 'பன்றிக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் சந்தேகப்பட்டோரின் சளி மாதிரிகள் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்துக்குப் போயின. 1899ல் அம்மைத் தடுப்பு மருந்துக்காகத் தோன்றிய நிறுவனம் அது.

இந்த முறை ஒரு மாற்றம் இருந்தது. 2010ஆம் ஆண்டின் நடுவில் இந்திய நிறுவனங்களே எச்1என்1 தடுப்பு மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அகமதாபாத்தின் சைடஸ் காடிலா ஊசியாகவும், புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் மூக்கில் விடும் மருந்தாகவும் தயாரித்தன. 1957ல் இல்லாதது 2010ல் உள்நாட்டிலேயே கிடைத்தது.

கொள்ளைநோய் முடிந்ததாக 2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வைரஸ் எங்கும் போய்விடவில்லை. வழக்கமான ஃப்ளூக்களில் ஒன்றாகி நம்மோடு தங்கிவிட்டது. 2015ல் இந்தியாவில் 42,000க்கும் மேற்பட்டோருக்கு எச்1என்1 உறுதியாகி, சுமார் 2,990 பேர் இறந்தனர். அதன் பிறகு மகாராஷ்டிரா போன்ற மாநிலங்கள் கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இலவசமாக ஊசி போட முன்வந்தன. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. காய்ச்சல் வந்தபின் ஓடிவந்து பார்க்கும் அமைப்பு தமிழ்நாட்டில் வலுவானது என்பதற்கு அது சான்று. காய்ச்சல் வருமுன் செய்யும் வேலைதான் பாக்கி.

டாக்டர் அறையில் இருக்கும் பாதி விடை

நம் ஊர்களில் ஊசிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. காய்ச்சலோடு போகிறவர் 'மாத்திரை மட்டும் போதும்' என்று டாக்டர் சொன்னால் முகம் வாடிப்போவார். 'ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்' என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அதே மனிதரிடம், உடம்பு நன்றாக இருக்கும்போது 'ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்' என்றால், 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்பார். நோய்க்கு ஊசி என்பது பழகிவிட்டது. நோய் வராமலிருக்க ஊசி என்பது குழந்தைகளோடு நின்றுவிட்டது.

இந்த மனத்தடையை விளம்பரம் உடைக்காது. நம்பிக்கையான ஒரு டாக்டர் சொன்னால் உடையும். அவருக்குத்தான் இவருடைய சர்க்கரை அளவு தெரியும், பத்து வருட ஆஸ்துமா தெரியும், போன மழைக்கால நிமோனியா தெரியும். ஃப்ளூவால் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர்தான். ஆனால் இறப்புச் சான்றிதழில் ஃப்ளூ என்று எழுதப்படுவது அபூர்வம். நிமோனியா, மூச்சுத் திணறல், மாரடைப்பு என்றுதான் இருக்கும். அதனாலேயே அந்தச் சாவு ஃப்ளூவின் கணக்கில் ஏறுவதில்லை, ஊசியின் அவசியமும் கண்ணில் படுவதில்லை.

இந்த இடத்தில் நெய்வேலி போன்ற ஒரு நகரியம் கவனிக்கத்தக்கது. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள், பெயர் தெரிந்த அண்டை வீட்டார், நகரியத்துக்குள்ளேயே நிறுவனத்தின் பொது மருத்துவமனை. தொழிலாளியின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் ஒரே மருத்துவமனைக்குப் போய்வரும் வாய்ப்பு இந்தியாவில் எல்லா ஊர்களுக்கும் கிடைப்பதில்லை. பிரிட்டனின் குடும்ப மருத்துவர் முறைக்கு மிக அருகில் வருபவை இப்படிப்பட்ட தொழில் நகரியங்கள்தான்.

ஆனால் இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். சிலர் பக்கத்திலேயே இந்திரா நகரிலோ வடலூரிலோ வீடு கட்டிக்கொள்கிறார்கள். சிலர் சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். உடம்பை அறிந்த டாக்டரை விட்டு மனிதர் விலகுவது, ஃப்ளூ ஊசி மிகத் தேவைப்படத் தொடங்கும் அதே வயதில்! புதிய ஊரில் கிளினிக்கில் டோக்கன் எண்ணாக உட்கார்ந்திருப்பவரிடம், 'போன வருஷம் ஊசி போட்டீர்களா?' என்று கேட்க யாரும் இல்லை. நகரியத்துக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களில் வாழும் கூலித் தொழிலாளிக்கோ தொடக்கத்திலிருந்தே அப்படி ஒரு டாக்டர் கிடையாது. அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், மாலையில் திறக்கும் தனியார் கிளினிக்கும்தான் கதி. தனியாரிடம் போனால் ஊசிக்குக் கைக்காசு போட வேண்டும். ஒரு நாள் கூலியை யோசிக்கிறவர் நோயில்லாத உடம்புக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தயங்குவது இயல்பே.

2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகலாம் என்று காட்டியது. ஃப்ளூ ஊசி யாருக்கு முதலில் தேவையோ, அவர்களின் பெயர்ப் பட்டியல்தான் அது. பட்டியல் இருக்கிறது. வாசல் வரை போன கால்களும் இருக்கின்றன. அதில் ஓர் ஊசியைச் சேர்ப்பது முடியாத காரியம் அல்ல.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் ஃப்ளூ ஊசி போடலாம். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. முதன்முறையாகப் போடும் சிறு பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவைப்படும். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்று போதும்.

ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆகவே கடலூர் மாவட்டம் போல வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பகுதிகளில், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. கடைக்கு வந்திருப்பது எந்தப் பருவத்து ஊசி, காலாவதி தேதி என்ன என்று கேட்பதில் தவறில்லை. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்தடை இருக்கும் ஊர்களில் குளிர்பெட்டி எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று கேட்பதும் நியாயமே.

கையில் வலி, ஒருநாள் லேசான காய்ச்சல் வரலாம். அது ஃப்ளூ அல்ல. முன்பு ஃப்ளூ ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்களும், கில்லன் பாரே நோய் வந்தவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, இந்த ஊசி முழுக் கவசம் அல்ல. வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில் டாக்டரைப் பார்க்கும் அளவுக்கு ஃப்ளூ வருவதை ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. நூற்றுக்கு நூறு இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவமனைக் கட்டில் வரை போவதையும் அது குறைக்கிறது என்பதுதான் வயதானவர்களுக்கு முக்கியம்.

முடிவுரை

1957 மே மாதத்தில் நெய்வேலியில் தொடங்கிய வேலை நிற்கவில்லை. மண்ணை வெட்டுகிறார்கள், நீரை இறைக்கிறார்கள், கரியை எடுக்கிறார்கள். அதே மாதத்தில் சென்னையில் இறங்கிய வைரஸ் குடும்பமும் ஓயவில்லை. 1968ல் உருமாறி வந்தது, 2009ல் அதன் உறவுக்காரன் வந்தான், நாளை இன்னொன்று வரலாம். அதைக் கண்டறிய ஆய்வகங்கள் இருக்கின்றன. தடுக்க ஊசியும் உள்நாட்டிலேயே இருக்கிறது. விட்டுப்போன கண்ணி ஒன்றே ஒன்றுதான். 'மழைக்காலம் வருது, ஊசி போட்டாச்சா?' என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு டாக்டர். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், அடுத்த முறை சர்க்கரை மாத்திரைக்குச் சீட்டு வாங்கப் போகும்போது அப்பாவோ அம்மாவோ தாங்களாகவே கேட்டுவிட்டால், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விட்டுப்போயிருக்கும் அந்தக் கண்ணி ஒரு வீட்டிலாவது சேர்ந்துவிடும்.